மூக்குப்பாறையின் மறைவில்

போன வாரம் விரல் நுழையாத விரிசல் அது. இன்று செண்பகம் கவச உடையோடு உள்ளே நழுவிவிடும் அளவுக்கு அகன்றிருந்தது. அவள் விளிம்பில் குப்புறப் படுத்து விளக்கை உள்ளே அடித்துப் பார்த்தாள். வெளிச்சம் கீழே போய்க்கொண்டே இருந்து எங்கோ கரைந்துபோனது. அவள் முழங்கை பட்டு உதிர்ந்த மண், செவ்வாய்க் கிரகத்துக்கே உரிய சோம்பலோடு, மெல்ல மெல்ல இருட்டுக்குள் இறங்கியது.

“ஏளா, போதும். எந்திரிச்சு வா,” என்று காதுக்குள் அண்ணனின் குரல் கேட்டது.

கோமதிநாயகம் வண்டியைத் தள்ளியே நிறுத்தியிருந்தான். மலை உச்சிக்கு வளைந்து வளைந்து ஏறும் பாதையில் பெரிய வண்டியை நம்பிக்கையாக ஓட்டத் தெரிந்தவன் புதுக்குளத்தில் அவன் ஒருவன்தான். எதற்கும் அசராத ஆள். இன்றைக்கு மட்டும் மோட்டாரை அணைக்காமல், வண்டியை வந்த வழிக்கே திருப்பி நிறுத்தி வைத்திருந்தான்.

செண்பகம் எழுந்து விரிசலின் போக்கைப் பார்த்தாள். மலை விளிம்புக்கு இணையாக, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை அது ஓடியது. அந்தக் கோட்டுக்கு அப்பால் இருந்த அத்தனையும், இரண்டு கிலோமீட்டர் உயரமுள்ள மலைமுகம் மொத்தமும், தாய்மலையிலிருந்து கழன்றுகொண்டிருந்தது. வெகு கீழே, பள்ளத்தாக்கின் செம்மண் தரையில் புதுக்குளத்தின் வெள்ளைக் கூரைகள் தெரிந்தன. நூற்றிருபது பேர் அங்கே மதியச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஊருக்குக் குளம் என்று பெயர் வைத்தார்களே தவிர, அங்கே இருந்த தண்ணீரெல்லாம் மண்ணுக்கு அடியில் பனிக்கட்டியாகத்தான் கிடந்தது. இருபது வருடமாக இயந்திரங்கள் அந்தப் பனியைச் சூடாக்கி உறிஞ்சிக்கொண்டிருந்தன. கொஞ்சம் குடிக்க, மிச்சமெல்லாம் போகிற வருகிற கப்பல்களுக்கு எரிபொருள் செய்ய. பள்ளத்தாக்கின் நடுவில் தொடங்கிய உறிஞ்சல் வருடத்துக்கு வருடம் நகர்ந்து மலையின் காலடிக்கு வந்து, போன வருடம் மலைக்கு உள்ளேயும் நுழைந்துவிட்டது. செண்பகம் வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். நிலத்தின் வடிவத்தைப் பார்த்து, அது எப்படி உண்டானது, எப்போது உண்டானது என்று சொல்வது அவள் வேலை. எங்கே உறிஞ்சுவது என்று முடிவெடுப்பது பூமியில் உட்கார்ந்திருந்த கம்பெனி.

வண்டிக்குள் ஏறிக் கதவை அடைத்து, கவசத்தைக் கழற்றியதும் அண்ணன் கேட்டான்: “எப்ப விழும்?”

“நாளைக்கு விழலாம். நாளன்னைக்கு விழலாம். அதுக்கு மேல தாங்காது.”

“பூமிக்குச் சொன்னியா?”

“காலையிலேயே சொல்லிட்டேன். கவனமா இருங்கன்னு பதில் வந்திருக்கு.”

கோமதிநாயகம் சிரித்தான். சிரிப்பு முடிவதற்குள் முகம் மாறிவிட்டது. “பூரணிக்கு இன்னைக்குத்தான் ஒரு பல்லு விழுந்திருக்கு,” என்றான். பிறகு வண்டியை மலைப்பாதையில் இறக்கினான்.

அவன் மனைவி பிரசவத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்போது பிறந்த பூரணியை அவனும் தங்கையுமாக வளர்த்தார்கள். ஆறு வயது. செவ்வாயில் பிறந்த குழந்தைகளுக்கே உள்ள மெல்லிய, நீண்ட கால்கள் அவளுக்கு.

*

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் கூட்டினார் ஜெபமணி. நாசரேத்துக்காரர். புதுக்குளத்தின் நிர்வாகி. கம்பெனிக்கும் இந்த மனிதர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பல வருடம் முழித்த முழியை அவர் முகத்திலிருந்து இனி யாராலும் எடுக்க முடியாது. அவர் பக்கத்தில் மனைவி எஸ்தர் இடுப்பில் கைவைத்து நின்றாள். ஊருக்கே சமைத்துப் போடுகிறவள் அவள்தான்.

செண்பகம் சுவர்த்திரையில் பள்ளத்தாக்கின் படத்தைப் போட்டாள். வானத்திலிருந்து எடுத்தது.

“இதப் பாருங்க. மலையில இருந்து பொறப்பட்டு வரிவரியா, சீப்பால வாரிவிட்ட மாதிரி போகுதுல்லா? இதெல்லாம் பழைய சரிவு. கோடிக்கணக்கான வருசத்துக்கு முந்தி இதே மலை விழுந்து ஓடின தடம். எங்க போய் நிக்குன்னு பாருங்க.”

அவள் விரல் மலையிலிருந்து கிளம்பி, புதுக்குளத்தைத் தாண்டி, அடுத்த மலை வரைக்கும் போயிற்று.

“நம்ம ஊரே அந்தச் சரிவுக்கு மேலதான் கட்டியிருக்கு.”

“அம்புட்டுத் தூரம் கல்லும் மண்ணும் எப்படி ஓடும்?” என்று கேட்டான் சாகுல். பனி உறிஞ்சும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவன். அவன் மனைவி பாத்திமுத்து ஊருக்கு ஒரே நர்ஸ். டாக்டர் என்று தனியாக யாரும் கிடையாது.

“அடியில ஐஸ் கெடக்குல்லா. அது மேல வழுக்கிட்டே போயிரும். ரயில விட வேகமா வரும். நம்ம வண்டி சைக்கிள் வேகத்துலதான் போகும், அதுவும் முப்பது பேருக்குத்தான் எடம். ஓடித் தப்ப முடியாது. எதிர்மலை அடிக்கே போனாலும் வந்து பிடிச்சிரும்.”

கூடத்தில் ஒரு முனகல் எழுந்தது. யாரோ ஒரு பெண் அழத் தொடங்கினாள்.

“அப்ப என்னதான் செய்யச் சொல்லுதே?” என்றார் ஜெபமணி.

செண்பகம் படத்தைப் பெரிதாக்கினாள். மலையின் காலடியிலிருந்து ஒரு கரும்பாறை பள்ளத்தாக்குக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதை எல்லோருக்கும் தெரியும். மூக்குப்பாறை என்று குழந்தைகள் வைத்த பெயர்.

“மூக்குக்குப் பின்னால இந்தப் பள்ளத்தப் பாருங்க. இங்க மட்டும் சின்னச் சின்னக் குழி நெறைய இருக்கு. வானத்துல இருந்து கல்லு விழுந்த குழி. காலம் ஆக ஆகக் குழி கூடிட்டே போகும். சுத்தியிருக்க தரையில குழி கம்மி, ஏன்னா சரிவு வந்து மூடிப் புதுத் தரை ஆயிட்டு. மூக்குக்குப் பின்னால கெடக்கது மட்டும் பழைய தரை. மலையே விழுந்தப்பவும் ஒரு கல்லுகூட அங்க வரல. சரிவு மூக்குல மோதி ரெண்டாப் பிரிஞ்சு ரெண்டு பக்கமும் ஓடிட்டு.”

“மலை விழப்போகுதுங்கே,” என்றான் கோமதிநாயகம், பின்வரிசையிலிருந்து. “மலைக்கு அடியிலயே போய் ஒக்காரவும் சொல்லுதே.”

“ஆமா, அண்ணே.”

 ஜெபமணி சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நிமிர்ந்தார்.

“இந்த விரிசல் வரும்னு மூணு வருசமாச் சொன்னவ இவ ஒருத்திதான். அப்ப நாம கேக்கல. இப்பவாவது கேப்போம். காத்துப்பெட்டியச் சின்ன வண்டியில கட்டி இழுத்துட்டுப் போவோம். மத்தவங்க எல்லாரும் உடைய மாட்டிட்டு நடங்க.”

காற்றுப்பெட்டி என்பது வெளி வேலைக்குப் போகிறவர்கள் உடையில் காற்றை நிரப்பிக்கொள்ளும் இயந்திரம். அது இருந்தால் ஊர் மொத்தமும் வெளியே இரண்டு நாள் உயிரோடு இருக்கலாம்.

கூட்டம் கலையும்போது கோமதிநாயகம் தங்கையை ஒதுக்குப்புறமாக இழுத்துக்கொண்டு போனான்.

“நான் பெரிய வண்டிய எடுத்துட்டு எதிர்ப்பக்கம் போறேன். வாரவங்க வரட்டும். முப்பது பேர் ஏறலாம்.”

“அண்ணே, நான் சொன்னது ஒனக்குப் புரியலையா? ஓடித் தப்ப முடியாது.”

“புரிஞ்சுது. நீ சொல்லுதது சரியாவே இருக்கட்டும். எம் புள்ளைய விழப்போற மலைக்கு அடியில கொண்டுபோய் வைக்க எனக்கு மனசு வரல, செம்பகம். என்னால முடியாது.”

“அப்ப பூரணிய எங்கூட விடு.”

“அவளுக்காகத்தானே போறேன்.”

அவள் கெஞ்சினாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். அப்போது அவள் வாயிலிருந்து அது வந்துவிட்டது: “ஒம் புள்ளைய நீயே கொல்லப்போறே.”

கோமதிநாயகம் அவளை ஒரு நிமிடம் பார்த்தான். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு போய்விட்டான்.

ஜெபமணி அவனைத் தடுக்கவில்லை. குழந்தை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் அவனோடு ஏறினார்கள். செண்பகம் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியின் பின்கண்ணாடியில் பூரணி முகத்தை ஒட்டிவைத்து, பல் விழுந்த இடத்தை நாக்கால் துழாவிக்கொண்டிருந்தாள். அத்தைக்குக் கையைக்கூட ஆட்டினாள்.

*

மூக்குப்பாறைவரை நடந்தவர்கள் தொண்ணூறு பேர். ஆறு கிலோமீட்டர். நடக்க நடக்க மலை வளர்ந்து வளர்ந்து வானத்தைப் பாதியாக்கிவிட்டது. எஸ்தர் மட்டும் சன்னமான குரலில் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டு வந்தாள். எல்லோர் காதுக்குள்ளும் அது கேட்டது. நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

“அக்கா,” என்றான் சாகுல் நடுவழியில். “நெசமாவே ஒங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?”

“குழி பொய் சொல்லாது, சாகுல்.”

“அப்பச் சரி,” என்றான் அவன்.

மூக்குக்குப் பின்னால் இருந்த பள்ளம் அரைவட்டமாக, இரண்டு கையால் அணைத்துக்கொண்டாற்போல இருந்தது. எல்லோரும் காற்றுப்பெட்டியைச் சுற்றி நெருக்கமாக உட்கார்ந்தார்கள். இடம் பற்றாமல் நிறையப் பேர் கிழக்கு ஓரமாகப் போய் உட்கார்ந்தார்கள். அங்கே நிழல் இல்லை, வெயில் கொஞ்சம் கதகதப்பாக இருந்தது. சாகுலும் எஸ்தரும் அந்தப் பக்கம்தான் போனார்கள். பாத்திமுத்து காற்றுப்பெட்டியை விட்டு நகரவில்லை. யாருக்காவது மூச்சு முட்டினால் பார்க்க வேண்டும்.

அன்று மலை விழவில்லை. மறுநாள் காலையில், சூரியன் ஏறி வெகுநேரம் ஆன பிறகு விழுந்தது.

முதலில் சத்தம் இல்லை. உட்கார்ந்திருந்தவர்களின் தொடைக்கு அடியில் தரை துடித்தது. சிறுகற்கள் தாமாகவே எழும்பிக் குதித்தன. பிறகு மலைமுகம் அப்படியே, ஒரே துண்டாக, ஒரு பெரிய மனிதர் நாற்காலியில் சாய்வதுபோல நிதானமாகக் கீழிறங்கியது. இறங்கும்போதே உடைந்து தூளாகிப் புகையாகி வானத்தை மூடியது. அந்த மெல்லிய காற்றில்கூட உறுமல் கேட்டது. செண்பகம் மூக்கின் கரிய முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் சொன்னபடியே சரிவு பாறையில் மோதி, சொன்னபடியே இரண்டாகப் பிளந்து, இரண்டு பக்கமும் போயிற்று.

அவளுக்குள்ளிருந்து ஒரு மூச்சு வெளியே வந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் எதிர்பாராதது நடந்தது. இரண்டு பக்கமும் போன சரிவு ஓடி மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. கொஞ்ச தூரம் போய் முரண்டு பிடித்து நின்றது. பின்னால் வந்தது முன்னால் நின்றதன் மேல் ஏறியது. அதன் மேல் இன்னொன்று. மூக்குக்குக் கிழக்கே ஒரு புது மலையே குவிந்து உயர்ந்தது. உயர்ந்த குவியல் தன் பாரம் தாங்காமல் பக்கவாட்டில் கழன்று, பள்ளத்தின் கிழக்கு ஓரத்துக்குள் கொட்டியது.

“எந்திரிங்க! இங்கிட்டு வாங்க! இங்கிட்டு!” என்று கத்தினாள் செண்பகம். புழுதியில் யார் எங்கே என்று தெரியவில்லை. எல்லோர் காதிலும் எல்லோர் அலறலும் ஒரே நேரத்தில் விழுந்தது.

தரை அடங்கியபோது பள்ளத்தில் பாதிதான் மிச்சம் இருந்தது. ஏறக்குறைய நாற்பது பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கும் மேலே மண்ணும் கல்லும் கிடந்தன.

அந்த மண்ணுக்கு அடியிலிருந்து குரல்கள் வந்தன.

கவச உடை அவ்வளவு எளிதில் கிழியாது. உள்ளே இருப்பவருக்குச் சில மணி நேரத்துக்குக் காற்றும் இருக்கும், பேசவும் முடியும். “கால அசைக்க முடியல.” “இருட்டா இருக்கு.” “யாராவது இருக்கீங்களா?” “ஏசப்பா, ஏசப்பா.” மேலே நின்றவர்கள் பைத்தியம் பிடித்தவர்கள்போலத் தோண்டினார்கள். கையால், தட்டால், சின்ன வண்டியிலிருந்து பிய்த்த தகரத்தால். செவ்வாயில் கல் எடை குறைவு. அதுதான் ஒரே அனுகூலம்.

பாத்திமுத்து ஒரு இடத்தில் மண்டியிட்டு அள்ளி அள்ளி வீசிக்கொண்டிருந்தாள்.

“பேசிட்டே இருங்க,” என்றாள். “சத்தம் கேட்டாத்தான் எனக்கு எங்கன்னு தெரியும்.”

“பேசுதேன்,” என்றான் சாகுல் உள்ளேயிருந்து. “என்ன பேசணும்?”

“என்னத்தையாவது பேசுங்க.”

“ஒனக்குக் கை வலிக்கும். மெல்லத் தோண்டு.”

உடையின் வானொலி குரலைத்தான் கொண்டுவரும். அது எந்தத் திசை என்று சொல்லாது. பாத்திமுத்துவுக்கும் அது தெரியும். செண்பகம் அவள் பக்கத்தில் குனிந்து தோண்டினாள். கையுறைக்குள் நகம் பிய்ந்து ஈரமானது. இரண்டு பேரை உயிரோடு இழுத்து வெளியே போட்டார்கள். அதில் சாகுல் இல்லை. இன்னொருவரை இழுத்தார்கள். அவரும் சாகுல் இல்லை. எஸ்தரின் பாட்டு வெகுநேரம் கேட்டது. ஜெபமணி நின்ற இடத்திலேயே நின்று, அவளோடு சேர்ந்து அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தோண்டினார். நடுவில் ஒரு வரியில் அவர் மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரிந்தது.

செண்பகம் நிமிரவில்லை. இங்கேயே இப்படி என்றால் திறந்தவெளியில் போன அண்ணன் வண்டி என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பைக் கிட்டே வரவிடாமல் தோண்டினாள். அப்போது மேற்குப் பக்கப் புழுதிக்குள் இரண்டு விளக்குகள் தெரிந்தன. பெரிய வண்டி, முன்னால் மண் தள்ளும் தகட்டோடு, கற்களின் மேல் ஏறி விழுந்து வந்துகொண்டிருந்தது.

“எந்தப் பக்கம் தள்ளணும்? சீக்கிரம் சொல்லுங்க!” கோமதிநாயகத்தின் குரல்.

செண்பகம் மண்ணைவிட்டு எழுந்து அந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெபமணிதான் கை காட்டினார். வண்டியின் தகடு பெரும்பாறைகளை ஒவ்வொன்றாக ஒதுக்கியது. அது வந்த பிறகு மேலும் பதினோரு பேரை உயிரோடு எடுத்தார்கள். மாலை வெளிச்சம் நீலமாக மாறும் நேரத்தில் காதுக்குள் ஒரு குரலும் இல்லை. சாகுலைக் கண்டுபிடித்தபோது பாத்திமுத்து தோண்டிய இடத்திலிருந்து அவன் ஒரு முழம்தான் தள்ளியிருந்தான்.

கோமதிநாயகம் இறங்கித் தங்கையிடம் வந்தான். கவசங்களுக்கு நடுவில் முகம் தெரியவில்லை.

“பூரணி?” என்றாள் அவள்.

“நல்லா இருக்கா. புதுக்குளத்துல எறக்கி விட்டேன், ஒங்க சத்தம் காதுல விழுந்துது, வந்துட்டேன். எல்லாப் புள்ளைங்களும் அங்கதான்.”

“புதுக்குளத்துலயா?” அவளுக்கு விளங்கவில்லை. “புதுக்குளம் எங்க இருக்கு இப்ப?”

அவன் தரையைப் பார்த்தான்.

“இருந்த எடத்துலதான் இருக்கு,” என்றான். “ஒரு கல்லு வரல. நாங்க எதிர்மலை வரைக்கும் போயிட்டோம், புழுதியத்தான் பாத்தோம். எதுவும் வரல. திரும்பிப் பாத்தா ஊர் அப்படியே நிக்கி. வெளக்குகூட அணையல.”

செண்பகம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்தில் நின்ற ஜெபமணி கேட்டார். குற்றம் சாட்டும் குரல் அல்ல. புரிந்துகொள்ள விரும்பும் ஒரு களைத்த மனிதனின் குரல். “அது எப்படி செம்பகம்? அவ்வளவு தூரம் ஓடும்னியே?”

“ஐஸ்,” என்றாள் அவள்.

“என்னது?”

“பழைய சரிவு ஐஸ் மேல வழுக்கிட்டு ஓடுச்சு. அந்த ஐஸத்தான் நாம இருபது வருசமா எடுத்துட்டோமே, அண்ணாச்சி. அடியில ஒண்ணும் இல்ல. வெறும் பொந்து. விழுந்த மண்ணு அந்தப் பொந்துக்குள்ள எறங்கி, வழுக்க வழியில்லாம இங்கனயே குவிஞ்சிட்டு. மலை ஏன் விழுதுன்னு எனக்குத் தெரிஞ்சுது. அதே காரணத்தாலதான் ஓடாதுன்னு தெரியாமப் போச்சு. ஊர்லயே இருந்திருக்கலாம். எல்லாரும் கம்முன்னு ஊர்லயே இருந்திருக்கலாம்.”

அவள் பேசியது எல்லோர் காதிலும் விழுந்தது. பாத்திமுத்து காதிலும்.

*

இருபத்திரண்டு பேரைப் புதுக்குளத்துக்கு வெளியே வரிசையாகப் புதைத்தார்கள். பூமியிலிருந்து வருத்தம் தெரிவித்துச் செய்தி வந்தது. மிச்சமிருக்கும் பனியைப் பற்றி ஒரு கேள்வியும் அதில் இருந்தது. ஜெபமணி இரண்டாவது பகுதிக்குப் பதில் அனுப்பவில்லை.

செண்பகம் அறையை விட்டு வரவில்லை. அண்ணன் சாப்பாடு கொண்டுவந்து வைப்பான், பிறகு வந்து தொடாத தட்டை எடுத்துப் போவான். பூரணி வந்து பக்கத்தில் படுத்துக்கொள்வாள். ஒருநாள் அவன் தட்டை எடுக்காமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது, செம்பகம். பயந்து ஓடினேன். அவ்வளவுதான். என்னைய எல்லாரும் புத்திசாலிங்காவ. கேக்கும்போது நாக்கப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.”

“நான் ஒன்னைய என்ன சொன்னேன் தெரியுமா, அண்ணே.”

“தெரியும். விடு.”

“அத எப்படி விட?”

அவன் தட்டை அவள் பக்கம் தள்ளி வைத்தான். அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள்.

மலையைப் பார்க்கக் கூடாது என்றுதான் அவள் சன்னலை மூடியே வைத்திருந்தாள். பூரணி வெளிச்சம் வேண்டுமென்று திறந்துவிட்டாள். விழுந்த இடத்தில் மலையின் புதிய முகம் பச்சைக்காயம்போலச் சிவந்து நின்றது. கண்ணை அங்கிருந்து எடுக்கப் பார்த்தாள், பழக்கம் விடவில்லை. மூக்குக்கு மேற்கே, விழாமல் நின்ற பகுதியின் தோளில் மெல்லிய நிழல் ஒன்று கீறியிருந்தது. இப்போது விழுந்துபோன மலைமுகம் அதுவரை முட்டுக்கொடுத்துத் தாங்கிய தோள் அது. இன்று முட்டு இல்லை.

அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். பிறகு எழுந்து முகம் கழுவி, அண்ணனைக் கூப்பிட்டாள். இருவரும் வண்டியில் ஏறிப்போய் அருகில் பார்த்துவிட்டு வந்தார்கள். விரிசல்தான். அந்தத் தோள் நேராகப் புதுக்குளத்தைப் பார்த்து நின்றது.

ஜெபமணி மறுபடியும் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் கூட்டினார். போன தடவை நிறைந்திருந்த பெஞ்சுகளில் நிறைய இடம் காலியாகக் கிடந்தது. எஸ்தர் போன தடவை நின்றிருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் ஒவ்வொருவரும் நடந்தார்கள்.

செண்பகம் எழுந்து நின்றாள். விரிசலைப் பார்த்ததைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் ஒருவன் எழுந்து, “மறுபடியுமா?” என்றான். “மறுபடியும் இவ சொல்லி, நாம கெளம்பணுமாக்கும்?” அவன் தம்பி அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவன். அவனை யாரும் அடக்கவில்லை. செண்பகமும் தலையைக் குனிந்துகொண்டாள்.

முன்வரிசையிலிருந்து பாத்திமுத்து பேசினாள். புதைத்த நாளிலிருந்து அவள் யாரிடமும் பேசியதில்லை. கைகள் இரண்டிலும் கட்டுப் போட்டிருந்தது.

“எப்ப விழும்?”

“ரெண்டு மாசம் ஆகலாம். முந்தியும் ஆகலாம்.”

“ஊருக்கு வருமா?”

“தெரியல.”

“மூக்குக்குப் போகணுமா, எதிர்ப்பக்கம் ஓடணுமா, இங்கனயே இருக்கணுமா?”

“தெரியல, பாத்திமுத்து.” செண்பகத்தின் கண்கள் நிரம்பிவிட்டன. “பழைய மலை விழுந்ததப் பாத்து நான் சொல்லிட்டேன். இப்ப கீழ இருக்கது பழைய நெலம் இல்ல. பாதி நாம குடைஞ்சது, பாதி அன்னைக்கு விழுந்தது. இப்படி ஒரு நெலத்த இதுவரைக்கும் எவரும் பாத்ததே கெடையாது. எங்க ஐஸ் மிச்சமிருக்கு, எங்க பொந்துன்னு ஒவ்வொரு எடமாக் குத்திப் பாத்தாத்தான் தெரியும். அப்பவும் நான் தப்பாச் சொல்லிருவேனோன்னு இருக்கு.”

“எனக்கும் அதே பயம்தான்,” என்றாள் பாத்திமுத்து. “ஒன்னையப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுது. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்த மலையப் பாக்கத் தெரிஞ்சவ இங்க வேற ஆரும் இல்ல.”

செண்பகம் தலையை நிமிர்த்தினாள்.

“தெரிஞ்சதச் சொல்லு. தெரியாததயும் சொல்லு,” என்றாள் பாத்திமுத்து. “எங்க எங்க குத்திப் பாக்கணும்?”

கட்டுப் போட்ட கையால் பெஞ்சை இழுத்துத் திரைக்கு அருகில் போட்டுக்கொண்டாள். ஜெபமணி விளக்கைக் குறைத்தார். தம்பியைப் பறிகொடுத்தவன் கதவுவரை போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு திரும்பி வந்து சுவரில் சாய்ந்துகொண்டான்.

செண்பகம் படத்தைப் போட்டாள்.